முப்பிடாதி, எட்டு காப்பி

பதினோரு வருஷமாக முருகன்குறிச்சியில்
முகங்களுக்கு வெள்ளையடிக்கிறேன்.
சுண்ணாம்பு வேண்டாம், மவுஸ் போதும்.
கல்யாணத்துக்குக் காட்டும் படமென்றால் இரண்டு படி வெளுப்பு,
வேலைக்கு மனுப்போட ஒரு படி.
செத்தவர்களுக்கு மட்டும் யாரும் நிறம் கேட்பதில்லை;
மாலை போட இடம் விட்டால் சரி.

"லேசா வெளுப்பாக்கித் தாங்கக்கா" என்பார்கள்
குரலைத் தாழ்த்தி,
மருந்துக்கடையில் ஏதோ கேட்பது போல.
அம்மைத் தழும்பு, மேலுதட்டு முடி,
வெயிலில் நாற்று நட்ட நெற்றி,
அம்பாசமுத்திரத்திலிருந்து பைக்கில் வந்த தூசி,
எல்லாம் ஒரே வட்டத் தூரிகைக்குள் போய்விடும்.
ஆளுக்கு ஆறு நிமிடம்.

கடையில் என் பெயர் பிரியா.
"முப்பிடாதியா? எந்தக் கோயில் கொடைக்கு வந்தீய?"
என்று சிரித்தான் முன்பு ஒருத்தன், ஒரு நேர்காணலில்.
அன்றைக்கே அந்தப் பெயரை
வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் விட்டுவிட்டு வந்தேன்,
குடையை மறந்தது போல.

வலது கன்னத்தில் ஒரு வடு உண்டு.
ஆறு வயதில் கஞ்சி வடிக்கையில் பட்டது.
சங்குப்பூ அளவு, ஓரம் சுருங்கியது.
மதினி வளைகாப்பு ஆல்பத்தில் அது இல்லை.
வங்கியில் கொடுத்த படத்தில் இல்லை.
என்னை நானே துடைத்துத் துடைத்து
நாலு படி ஏறியிருந்தேன்.

போன செவ்வாய், ஜங்ஷனில், நகைக்கடன் வரிசையில்
கண்ணாடி போட்ட பையன்
படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.
"இது யாருக்கா?"
கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டான்.
"உங்க தங்கச்சி படத்த மாத்திக் கொண்டாந்துட்டீங்களோ?"

எனக்குத் தங்கச்சி கிடையாது.

கொக்கிரகுளம் பாலத்தில் நடந்து வந்தேன்.
கீழே ஆற்றில் ஒருத்தி போர்வை அலசிக்கொண்டிருந்தாள்.
இல்லாத தங்கச்சியையே நினைத்துக்கொண்டு வந்தேன்.
அவளுக்காகத்தான் இத்தனை டப்பா பவுடர்,
அவளுக்காகத்தான் சித்திரை வெயிலில்
கண் மட்டும் தெரியத் துப்பட்டா.
ஒரு நாளாவது எனக்கு அவள்
ஒரு செம்பு தண்ணீர் மோந்து தந்திருப்பாளா?

ராத்திரி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பத்து வினாடி டைமரில் உட்கார்ந்தேன்.
நாடியை இறக்கச் சொல்ல ஆள் இல்லை.
முந்நூறு சதவீதம் பெரிதாக்கினேன்.
கை தன்பாட்டில் தூரிகைக்குப் போனது.
போன கை அங்கேயே நின்றது.

அவ்வளவு பெரிதாக அதை நான் பார்த்ததேயில்லை.
கோடையில் மானூர்க் குளம் வெடித்துக் கிடக்குமே,
அப்படி உள்ளே கோடுகள்.
நடுவில் ஒரு இடம் மட்டும் பளபளப்பு.
அழகு என்று சொல்ல மாட்டேன், பொய் எதற்கு.
ஆனால் அதற்குள் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று
வெந்த கன்னத்தோடு பானையை நிமிர்த்தி வைத்தது,
சோறு கொட்டிவிடக் கூடாதென்று.
அதற்குப் பிறகுதான் அழுதது.
நான் இதை மறந்தே போயிருந்தேன்.

"ஏ சவத்து மூதி" என்றேன் திரையைப் பார்த்து.
எங்கள் பக்கம் திட்டுவதற்கும் அதுதான் சொல்.
ரொம்ப நாள் கழித்து வந்தவளை
நடைவாசலில் வைத்துக் கட்டிக்கொள்ளவும் அதுதான்.

காலரில் கிடந்த நூலை மட்டும் எடுத்தேன்.

காலையில் முதலாளி அந்தோணிராஜ் அண்ணன்
கம்ப்யூட்டரில் எட்டிப் பார்த்தார்.
"என்னளா, கரண்டு போயிட்டா? பாதியில விட்டிருக்க?"
"முடிஞ்சிட்டுண்ணே."
கவரில் முழுப் பெயரை எழுதினேன்.
எண்பது ரூபாய்க்கு பில் போட்டேன், சொந்தக் காசு.

வங்கிக்கு இரண்டு போயிற்று.
மீதி ஆறை என்ன செய்வதென்று தெரியவில்லை.
ஒன்று பர்ஸில், பஸ் சீட்டுகளுக்கு நடுவில்,
எடுத்துப் பார்க்கக் கொஞ்சம் கூச்சம்தான்.

நேற்று ஒரு பிள்ளை வந்து, லேசா வெளுப்பா, என்றாள்.
செய்து கொடுத்தேன். பிழைப்பு.
அவளுடைய நிஜப் படத்தை மட்டும் அழிக்காமல்
தனியே ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன்,
என்றைக்காவது கேட்டு வருவாள்.